புரியாத மொழியில் ஒரு பாட்டு: அண்ணாமலைநகர் முதல் சோல் வரை

பொருள் விளங்காத மொழியில் பாடப்படும் பாட்டை ஒருவர் ரசிக்க முடியுமா? முடியும் என்றால், அந்த ரசனை முழுமையானதா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை மிகுந்த சூட்டோடு விவாதித்த இடம் அண்ணாமலைநகர். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாட்டுக்கு அடிப்படையாக இருந்தது இந்தக் கேள்விதான். மேடையில் பாடுகிறவர் தமிழர், எதிரே அமர்ந்து கேட்கிறவர் தமிழர். பாடப்படுவது மட்டும் ஏன் கேட்பவருக்குத் தெரியாத மொழியில் இருக்க வேண்டும் என்று அங்கே கேட்டார்கள்.

இன்று கிள்ளையிலிருந்து அண்ணாமலைநகருக்குப் படிக்கப் போகும் ஒரு பெண், பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கொரியப் பாட்டு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பேருந்திலும் இன்று காணக்கூடிய காட்சிதான் இது. தனக்குப் பிடித்த குழுவின் புதிய இசைத்தொகுப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு வெளியாகும் என்பது அவளுக்கு மனப்பாடம். பாடலின் மொழியோ தெரியாது. 1941இல் கூடியிருந்த பெரியவர்கள் இவளைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடரும் முயற்சி. பி.டி.எஸ். என்ற கொரியக் குழுவின் பாடல்களைச் சில ஆண்டுகளாக விரும்பிக் கேட்டு வருபவன் என்ற முறையில், விடையில் எனக்கும் அக்கறை உண்டு.

*

புரியாத மொழிக்குக் காது கொடுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கிள்ளை, சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காடுகளுக்குப் போகும் வழியில் உள்ள பேரூர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். வழியில் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வதும், பெருமாளின் மரியாதை அங்குள்ள தர்காவுக்குச் செல்வதும் நெடுங்கால வழக்கம். ஒரு பக்கம் வடமொழி மந்திரம், மறு பக்கம் அரபு ஓதுதல். சுற்றி நிற்கும் மீனவருக்கோ உழவருக்கோ இரண்டின் சொற்பொருளும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓசையே போதுமானதாக இருக்கிறது. அந்த ஓசை எதைக் குறிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான மரபும் இதே வட்டாரத்துக்குச் சொந்தமானது. தமிழில் கீர்த்தனம் என்ற வடிவத்துக்கு முன்னோடிகளாகச் சொல்லப்படும் மூவரில், சீர்காழி முத்துத்தாண்டவர் தில்லை நடராசர் மீது பாடியவர். மாரிமுத்தாப் பிள்ளை (1712-1787) சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன்காரர். மூன்றாமவரான அருணாசலக் கவிராயரும் சீர்காழியில் வாழ்ந்தவர்தான். மூவருமே திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முந்தியவர்கள். இவர்களுடைய பாட்டு, கேட்பவனுக்குச் சொல் விளங்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகக் கொண்டது. ஆக, ஓசையைக் கேட்பது, பொருளைக் கேட்பது என்ற இரண்டு பழக்கங்களும் இங்கே அருகருகே வாழ்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் சண்டை மூண்டது பிற்காலத்தில்.

*

அந்தச் சண்டைக்கு வருமுன் ஒரு நூலின் கதையைப் பார்க்க வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' சிதம்பரத்தைப் பற்றியது; இன்னும் சரியாகச் சொன்னால், சிதம்பரத்துக்குள் நுழைய முடியாத ஒருவனைப் பற்றியது. 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவன் கதை.

இந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனதையும், கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்ததால் பிள்ளை தயங்கித் தாமதித்ததையும், பிறகு ஒருநாள் பாரதியார் தம்மை மறந்து பாடக் கேட்டு உருகிப் பாயிரம் எழுதிக் கொடுத்ததையும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் வழுவாகத் தெரிந்தது பாட்டில் கரைந்து போயிற்று. புலவர் சில நாழிகை ரசிகரானார் என்று சொல்லலாம்.

அந்த நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறுவதற்கு உதவியவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. நந்தனார் கதையைப் பாரதியார் பாடக் கேட்டு மனம் பறிகொடுத்து, அது அச்சாக வேண்டும் என்று முனைந்தவர் அவர். தாய்மொழி தமிழல்லாத ஒருவர், தம் மதத்தோடு தொடர்பில்லாத ஒரு கதையை, தமக்குப் பழக்கமில்லாத ஓர் இசையில் கேட்டிருக்கிறார். தமிழின் மிகப் பரவலான இசைநூல்களில் ஒன்று அச்சுக்கு வந்ததில் அந்நிய மொழி ரசிகர் ஒருவருக்குப் பங்கு உண்டு என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த அதிகாரியின் சக பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கேலி செய்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றும். அந்நியப் பாட்டில் மனம் வைத்தவரை எந்த ஊரும் எளிதில் விட்டுவிடுவதில்லை.

*

இனி 1941. அண்ணாமலை செட்டியார் 1929இலேயே சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவியிருந்தார். அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே பிரதானம். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில், களைத்துப் போன நேரத்தில், துக்கடா என்ற பெயரில் தலை காட்டும். இதை மாற்றத் தமிழ்ப் பாடல்களுக்கென நன்கொடை தந்தார் செட்டியார், மாநாடு கூடியது, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பகுதி இடம்பெற வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் சென்னை மியூசிக் அகாடமி பதில் தீர்மானம் போட்டது. சங்கீதத்தின் தரமே முதன்மை, மொழியைக் காரணம் காட்டி அதைத் தாழ்த்தலாகாது என்பது அதன் சாரம். சங்கீதத்துக்கு மொழி இல்லை என்ற வாதம் அன்றிலிருந்து இன்றுவரை பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது.

தமிழிசைப் பக்கம் நின்றவர்களில் ராஜாஜி இருந்தார், கல்கி இருந்தார், டி.கே.சி. இருந்தார். டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு வழங்கிய பட்டத்தைக் கவனிக்க வேண்டும்: ரசிகமணி. இலக்கணம் கற்றவர், சங்கீத சாஸ்திரம் கற்றவர் என்ற தகுதிகளுக்கு மாற்றாக, ரசிப்பதையே ஒரு தகுதியாக முன்வைத்தவர் அவர். கேட்டவன் நெஞ்சில் பாட்டு என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய உரைகல். 'ரசிகர்' என்ற சொல்லுக்கு அன்று அவ்வளவு மரியாதை. பிறகு அதே சொல்லோடு 'மன்றம்' சேர்ந்தது, கட்-அவுட் சேர்ந்தது, பாலாபிஷேகம் சேர்ந்தது. இன்று 'அவன் வெறும் ரசிகன்' என்றால் அது வசை. நூறு ஆண்டு கூட ஆகாத காலத்தில் ஒரு சொல் இவ்வளவு கீழிறங்கியதன் வரலாற்றை யாராவது தனியே எழுத வேண்டும்.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இன்று பின்னோக்கிப் பார்க்கும்போது, இரு தரப்பு வாதங்களிலும் விட்டுப்போனது ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. புரியாத மொழியில் பாட்டு கேட்பது நல்லதா கெட்டதா என்று வாதிட்டார்கள். ஆனால் தமிழிசைக்காரர்களின் உண்மையான மனக்குறை வேறு. தெலுங்குப் பாட்டின் மீது அவர்களுக்குப் பகை இல்லை. எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை கேட்பவனிடம் இல்லாமல் போனதே குறை. கச்சேரி மேடையில் தமிழ், நந்தனைப் போல, வாசலில் நிறுத்தப்பட்டிருந்தது.

மாநாட்டுக்கு அடுத்த ஆண்டே, 1942இல், ஜெமினியின் 'நந்தனார்' படம் வந்தது. நந்தனாராக நடித்துப் பாடியவர் எம்.எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். மாநாட்டுத் தீர்மானம் எட்டாத வீடுகளுக்கும் தேசிகரின் குரல் இசைத்தட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும். தட்டு வாங்க முடியாதவர்கள் திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கினார்கள். படத்தின் கதைச் சுருக்கம், நடிகர் படம், பாடல் வரிகள் கொண்ட மலிவுத்தாள் புத்தகம் அது. கொரியக் குழுவின் இசைத்தொகுப்பு இன்று படப் புத்தகம், பாடல் வரிகள், பாடகரின் சிறு அட்டைப்படம் எல்லாம் அடங்கிய பெட்டியாக வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டுப் புத்தகந்தான் நினைவுக்கு வருகிறது. கேட்டது காற்றோடு போய்விடாமல் கையில் ஏதேனும் மிஞ்ச வேண்டும் என்ற ஆசை, ரசிகனுக்கு எக்காலத்துக்கும் பொது.

*

கேட்கும் உரிமை யாரிடம் என்ற கேள்வி சிதம்பரத்தில் மீண்டும் எழுந்தபோது அது ரத்தத்தில் முடிந்தது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அவருக்கு அங்கே சிலை உண்டு.

இதற்குச் சில ஆண்டுகளுக்குள் நடந்த ஒன்றை வெளிமாநிலத்தார் முரண்பாடு என்று சுட்டிக்காட்டிச் சிரிப்பதுண்டு. 'ஆராதனா' (1969), 'யாதோன் கி பாராத்' (1973) படங்களின் இந்திப் பாடல்களைத் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் வாய் ஓயாமல் பாடித் திரிந்தார்கள். பின்னதைத் தமிழில் 'நாளை நமதே' (1975) என்று எடுத்தபோது நடித்தவர் எம்.ஜி.ஆர். அதே ஆண்டு வெளியான அவருடைய 'இதயக்கனி' படக்குழு பிச்சாவரம் கழிமுகத்துக்கு வந்து படம் பிடித்ததைக் கிள்ளை வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்து தமிழ்க் காதுகளைத் திருப்பி அழைத்தது என்பது இசை எழுத்தாளர்கள் பலரும் ஒப்பும் செய்தி.

இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அரசாணை வழியாக வந்த இந்தியை எதிர்த்தவர்களே பாட்டின் வழியாக வந்த இந்தியை விரும்பினார்கள். முன்னதில் வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. பின்னதில் வானொலியை அணைத்துவிடலாம். தமிழில் அதைவிட நல்லது வந்ததும் அணைத்தும் விட்டார்கள். 1941இல் விட்டுப்போன புள்ளியை 1970களின் இளைஞர்கள் தீர்மானம் எதுவும் போடாமலே நிறுவிக் காட்டினார்கள். அந்நிய மொழிப் பாட்டு சுமையாவதும் சுகமாவதும் அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதைப் பொறுத்தது.

*

இப்போது சோல் நகருக்குப் போகலாம். இன்றைய கொரிய இளைஞர் இசையின் தொடக்கமாக 1992ஐச் சொல்கிறார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் சோ தேஜியும் அவர் தோழர்கள் இருவரும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பாடியபோது நடுவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் அளித்தார்கள். ரசிகர்களோ அந்தப் பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மகாவித்துவானின் தயக்கத்தைப் படித்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல. வித்தியாசம் ஒன்றுதான்: பிள்ளையவர்கள் பிறகு மனம் மாறினார்.

பி.டி.எஸ். 2013 ஜூனில் அறிமுகமான ஏழு பேர் குழு. 2018 மேயில் அவர்களுடைய தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியக் குழு எதற்கும் அதற்கு முன் அது வாய்த்ததில்லை. இலக்கிய வாசகர்கள் இந்தக் குழுவைக் கவனிக்க வேறு காரணங்களும் உண்டு. 'விங்ஸ்' (2016) தொகுப்பு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'டெமியான்' நாவலை அடியொற்றியது. 'ஸ்பிரிங் டே' (2017) பாடலின் காணொளியில் உர்சுலா லெ குவினின் ஒமேலாஸ் நகரம் பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது. ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராம் மொழிபெயர்ப்பில் படித்த தலைமுறைக்கு, அவருடைய இன்னொரு நாவல் பாட்டின் வழியாகப் பதினாறு வயதுப் பெண்ணின் கையில் வந்து சேருவது வேடிக்கையாக இருக்கலாம். வேடிக்கை என்றாலும் வரவேற்க வேண்டிய வேடிக்கை.

ஒரு புதிய தொகுப்பை ரசிகர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதற்கு 'மேப் ஆஃப் தி சோல்: 7' நல்ல சான்று. அது வெளியான நாள் 2020 பிப்ரவரி 21. அன்று மகாசிவராத்திரி, சிதம்பரத்தில் 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி தொடங்கும் நாள். சோலில் மாலை 6 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. தொகுப்பு வெளியான சில மணி நேரத்துக்குள் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சிலேடைகளுக்கும் மேற்கோள்களுக்கும் குறிப்பு எழுதி முடித்திருந்தார்கள் ரசிகர்கள். கூலி கிடையாது, பெயர் கூடப் பலருக்குக் கிடையாது. தொகுப்பின் தலைப்பு மர்ரே ஸ்டைன் என்ற உளவியலாளர் யுங்கின் கொள்கையை விளக்கி எழுதிய நூலிலிருந்து பிறந்தது என்பதால், 'முகமூடி', 'நிழல்', 'தன்முனைப்பு' என்ற கலைச்சொற்களையும் அவர்கள் விளக்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்கு உரை எழுதும் இந்த வேலை நமக்குத் தெரியாததா? அடியார்க்கு நல்லாரும் நச்சினார்க்கினியரும் செய்தது, தொனியும் ஆழமும் வேறு என்றாலும், அடிப்படையில் இதைத்தான்.

தொகுப்பைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் இருபது பாடல்கள். முதல் ஐந்து, முந்தைய ஆண்டின் சிறு தொகுப்பில் ஏற்கனவே வந்தவை. எனவே புதிய பயணம் ஆறாவதான 'நிழல்' பாட்டில்தான் தொடங்குகிறது. புகழ் என்ற வெளிச்சம் கூடக் கூடக் காலடி நிழலும் கூடவே பெருகுகிறது என்ற அச்சம் அதில் பேசப்படுகிறது. அடுத்து வரும் 'பிளாக் ஸ்வான்' இன்னும் ஆழமானது. இசையைக் கேட்டும் நெஞ்சு துடிக்காமல் போகும் ஒரு நாள் வந்தால், கலைஞனுக்கு அதுவே முதல் மரணம் என்கிறது. மார்த்தா கிரஹாம் என்ற நடனக் கலைஞரின் கூற்றை ஒட்டி எழுந்த பாட்டு. பின்பகுதியில் சில பாடல்கள் தனித்தனிப் பாடகருக்கு ஒதுக்கிக் கொடுத்த பங்குபோல ஒட்டாமல் நிற்கின்றன. நான்கைந்தை விட்டிருந்தால் தொகுப்பு இறுக்கமாக இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு பாடல்களையும் முதலில் வெறும் ஓசையாகவும், பிறகு பொருளோடும் கேட்டபோது, இரண்டு வெவ்வேறு பாடல்களைக் கேட்டது போலிருந்தது. ஓசை என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே அழைத்தது பொருள்.

இங்கேதான் 1941இன் இரு தரப்புக்கும் பாதிப் பாதி வெற்றி கிடைக்கிறது. மொழி தெரியாமலே பாட்டு மனத்தைப் பிடிக்கும் என்ற அகாடமியின் வாதம் சரி. ஆனால் பிடிபட்ட மனம் அதோடு நிற்பதில்லை. பொருளைத் தேடுகிறது, எழுத்துக் கூட்டுகிறது, மொழியைக் கற்க முனைகிறது. பொருளின்றி நிறைவில்லை என்ற அண்ணாமலைநகர் வாதமும் அதனால் சரி.

*

கொரிய மொழியைக் காதால் கேட்கும் தமிழருக்கு முதலில் கிடைக்கும் வியப்பு, அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா', நான் என்பதற்கு 'நா' என்று வருவது. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. சில சொற்கள் ஒலிப்பில் ஒத்துப்போவது இனவுறவுக்குச் சான்றாகாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒற்றுமை. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவது, முன்னிலையில் இருப்பவரின் வயதையும் மதிப்பையும் பொறுத்து வினைமுற்று மாறுவது ஆகியவை இரு மொழிக்கும் பொது.

இந்த மூன்றாவது பண்பால் விளையும் இழப்பைப் பாருங்கள். கொரியப் பாட்டில் ஒருவர் மரியாதைத் தொனியில் தொடங்கி, இடையில் நெருக்கமான தொனிக்கு இறங்கினால், அந்த இடத்தில் உறவு மாறுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். அந்தத் திருப்பம் காணாமல் போகிறது. தமிழில் 'நீங்கள்' என்று தொடங்கி 'நீ' என்று மாறினால் போதும், விளக்கமே வேண்டாம். ஆண் தன் மூத்தவனை 'ஹ்யங்' என்பதும், பெண் 'ஒப்பா' என்பதும் ஆங்கிலத்தில் வெறும் பெயராகச் சுருங்கும்போது, தமிழில் 'அண்ணா' என்றே இயல்பாக நிற்கும். கிள்ளைப் பெண்ணின் தாய்மொழி இந்தப் பாடல்களுக்கு ஆங்கிலத்தைவிடப் பொருத்தமான வீடு. ஆனால் அவள் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அவற்றுக்குப் போய்ச் சேருகிறாள். இலக்கியத்திலும் இதே நிலைதான். 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங்கின் நாவல், அதற்கு முன்பே சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்று தமிழில் வந்துவிட்டது. அதுவும் ஆங்கிலம் வழி வந்ததே. கொரியத்திலிருந்து நேரே தமிழுக்கு வருவதற்கான ஆட்கள் நாளை எங்கிருந்து கிடைப்பார்கள்? பாட்டைக் கேட்டு எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் இந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் கிடைக்கக்கூடும்.

அவர்களை நாம் நடத்தும் விதம் வேறாக இருக்கிறது. 2024 ஜனவரியில், தமிழ்நாட்டுச் சிறுமிகள் மூவர் இந்தக் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்குப் போவதாகச் சேமிப்புப் பணத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி வந்தது. நல்லவேளை, தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆபத்தான காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதையொட்டி வந்த கேலியில், அந்த வயதுப் பெண்களின் ரசனை என்றாலே நோய் என்ற தொனி இருந்தது. நடிகருக்காக அலகு குத்திய ஆண்களை 'தீவிர ரசிகர்' என்று எழுதியே பழகியவர்கள் நாம்.

கொரிய இசைத்தொழில் மாசற்றது என்று நான் வாதாட வரவில்லை. மேலே சொன்ன தொகுப்பு நான்கு வேறு அட்டைகளில் வெளியானது. உள்ளே எந்தப் பாடகரின் படம் இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். விரும்பிய படம் கிடைக்கும்வரை மீண்டும் வாங்க வைக்கும் தந்திரம் அது. கொரியாவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றதில் அன்புக்கு எவ்வளவு பங்கு, தந்திரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். திணிப்பு ஆணையாக மட்டும் வருவதில்லை, விற்பனையாகவும் வரும் என்பதை இராசேந்திரன் ஊர்க்காரர்கள் மறக்கலாகாது. ரசிகன் தன் தேர்வைத் தானே செய்கிறானா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

*

2020-21இல் இக்குழு ஆங்கிலத்தில் மூன்று தனிப்பாடல்களை வெளியிட்டது. உலகச் சந்தை அவற்றை அள்ளிக்கொண்டது. அவற்றுக்கு நடுவே, 2020 இறுதியில், பெரும்பகுதி கொரிய மொழியிலேயே அமைந்த 'லைஃப் கோஸ் ஆன்' பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் அறிமுகமான வாரத்திலேயே முதலிடம் பெற்றது. அந்தப் பட்டியலின் வரலாற்றில் கொரிய மொழிப் பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பிறகு கட்டாய ராணுவ சேவைக்கு ஒவ்வொருவராகப் போய், 2025 ஜூனுக்குள் எழுவரும் திரும்பினார்கள். 2026 ஜனவரியில் தங்கள் புதிய தொகுப்பின் பெயரை அறிவித்தார்கள்: 'அரிராங்'.

அரிராங் கொரியாவின் நாட்டுப்பாடல். ஏறத்தாழ 60 வகைகளில் 3,600 வடிவங்கள் வரை இருக்கலாம் என்கிறது யுனெஸ்கோ. 1896இல் வாஷிங்டனில் ஆலிஸ் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளர் கொரிய இளைஞர்கள் மூவரைப் பாடச் செய்து மெழுகு உருளையில் பதிவு செய்தார். அறியப்பட்ட கொரிய இசைப்பதிவுகளில் முதன்மையானது அது. அதிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. ஜப்பானிய ஆட்சியின்போது, 1926இல், நா உன்-க்யூ இதே பெயரில் எடுத்த மௌனப்படம் இதை எதிர்ப்பின் பாட்டாக ஆக்கியது. ஆங்கிலத்தில் பாடி உலகை வென்ற பிறகு, தங்கள் ஊர்ப்பாட்டின் பெயரோடு திரும்பி வருகிறார்கள். அவர்களுடைய மேடையில் தாய்மொழி துக்கடா அல்ல. அண்ணாமலைநகரில் கூடியவர்கள் கேட்டதும் இவ்வளவே.

இதில் ஒரு சுவையான செய்தி: 'அரிராங்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதில் கொரிய அறிஞர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. அந்தப் பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டாள். அவள் ஊர்க் கழிமுகத்திலும் தோணி தள்ளுபவர்களின் பாட்டில் 'ஏலேலோ' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்டதில்லை. அது என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும்.